எக்ஸ்ரேக்கு முன் நிற்கும் கைத்தொழில்

வீட்டு வாசற்கதவிலிருந்து அனல்மின் நிலையத்தின் கொதிகலன் வரை, இரும்பு இரும்போடு சேரும் இடங்களிலெல்லாம் வெல்டிங் என்று எல்லோரும் அறிந்த பற்றவைப்பு வேலை இருக்கிறது. எனினும் அதை முறையாகக் கற்கும் வழி எது, கற்றவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதைப் பற்றிப் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெளிவான செய்தி எட்டுவதில்லை. படிப்பு வராதவர்களை அனுப்பும் இடம் என்று ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தை ஒதுக்கிப் பேசும் வழக்கமும் இன்னும் மறையவில்லை. செய்து முடித்த வேலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அனுமதித்த அளவுக்கு மேல் உள்ளே குறை தெரிந்தால் அந்த இடத்தை அறுத்தெடுத்துவிட்டு மீண்டும் செய்யச் சொல்லும் கண்டிப்பு வேறு எத்தனை கைத்தொழில்களில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், அந்தப் பேச்சு எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

இந்தியாவில் 1950இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.க்களின் சேர்க்கை அறிவிப்புகளில் 'பற்றவைப்பவர்' என்று குறிப்பிடப்படும் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 14 வயதும் இருந்தால் அதில் சேரலாம். இப்போதைய பாடத்திட்டப்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரப் பயிற்சியில் 840 மணி நேரம் பணிமனைச் செய்முறைக்கும், 240 மணி நேரம் தொழிற்பாடத்துக்கும், எஞ்சிய 120 மணி நேரம் வேலைக்குப் போகும் இடத்தில் தேவைப்படும் பேச்சு, கணினி போன்ற திறன்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அரசு நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதோடு மாதந்தோறும் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் சீருடையும் கிடைக்கின்றன. ஆண்டு முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறியவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. நாட்டின் எந்த மாநிலத்திலும் அது செல்லும்.

இந்த விவரங்களில் மாணவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது 840 மணி நேரம் என்ற கணக்கே. ஏனெனில் புத்தகத்தில் படித்து எழுதித் தேறிவிடக்கூடிய கல்வி இதுவன்று, கை படிந்தாலொழிய அறிவு பயன்படாத கல்வி. பயிற்சியின் தொடக்க நாள்களில் வெல்டிங் கருவியையே மாணவர் தொடுவதில்லை. இரும்புத் தகட்டில் அளவு குறிப்பது, ஹேக்ஸாவால் அறுப்பது, அரத்தால் ராவி விளிம்பைச் சாய்வாக்குவது ஆகியவற்றில் அந்நாள்கள் கழியும். பொறுமையிழக்கும் மாணவர்கள் இதை வீண் வேலையாக எண்ணுவதுண்டு; ஆனால் இரண்டு தகடுகளுக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடினால் உருகிய உலோகம் கீழே ஒழுகும், குறைந்தால் அடிவரை இறங்காது என்பதால், பற்றவைப்பின் தரம் பற்றவைப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

அடுத்து வருவது எரிவாயு வெல்டிங். அசிட்டிலீன் வாயுவை ஆக்சிஜனோடு கலந்து எரித்தால் ஏறத்தாழ 3,200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சுடர் கிடைக்கிறது. எஃகு உருகுவதற்கு 1,500 டிகிரி அளவே போதும். இரு வாயுக்களும் சமமாகக் கலந்தால் சுடரின் உள்ளே கூர்மையான வெண்கூம்பு ஒன்று தெளிவாகத் தெரியும். அதுவே எஃகுக்கு உரிய நடுநிலைச் சுடர். அசிட்டிலீன் மிகுந்தால் உலோகத்தில் கரி ஏறி அது கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது, ஆக்சிஜன் மிகுந்தால் உலோகம் எரிந்து போகிறது. ஆகவே சுடரின் வடிவத்தைப் பார்த்தே கலவையைச் சொல்லும் கண் மாணவருக்கு வாய்க்க வேண்டும். ஆக்சிஜன் உருளைக்குக் கறுப்பு, அசிட்டிலீன் உருளைக்கு மெரூன் என்று நிறம் வகுத்திருப்பதும், அசிட்டிலீன் இணைப்புகளின் மரை மட்டும் இடப்பக்கம் திருகும்படி செய்யப்பட்டிருப்பதும், அவசரத்தில் ஒன்றை மற்றொன்றில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே. ஆக்சிஜன் உருளையின் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. அசிட்டிலீன் உருளைக்குள் அந்த வாயு அசிட்டோன் என்ற திரவத்தில் கரைந்த நிலையில் இருப்பதால் அதை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். இவ்விரண்டு விதிகளையும் காரணத்தோடு சொல்லித்தராத பயிற்சி முழுமையான பயிற்சியாகாது.

பயிற்சியின் மையம் மின்வில் வெல்டிங். வெல்டிங் ராடு என்று வழங்கும் பூச்சிட்ட உலோகக் கம்பியை மின்னோட்டமுள்ள பிடியில் செருகி, தகட்டின்மேல் தீக்குச்சியை உரசுவது போல் உரசி, உடனே சற்றே தூக்கினால் அந்தச் சிறு இடைவெளியில் மின்சாரம் காற்றினூடே பாய்ந்து வில்லாக எரிகிறது. அதன் வெப்பம் 5,000 டிகிரியைத் தாண்டும். தூக்கத் தாமதித்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்கிறது, அதிகம் தூக்கினால் வில் அணைந்துவிடுகிறது. முதல் சில நாள்களில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் ஒட்டிய ராடைப் பிடுங்குவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். வில் நிலைத்த பின்புதான் உண்மையான கடினம் தொடங்குகிறது: ராடு உருகி நொடிக்கு நொடி குறுகிக்கொண்டே வருவதால், வில்லின் நீளம் ராடின் விட்டத்தளவில், அதாவது மூன்று மில்லிமீட்டரை ஒட்டி, மாறாமல் நிற்க வேண்டுமானால் கை முன்னே நகர்ந்துகொண்டே கீழேயும் இறங்க வேண்டும், கோணம் மாறக்கூடாது, வேகம் மாறக்கூடாது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உலகம் முழுவதும் இருண்டு, உருகிய உலோகக் குட்டை ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் குட்டையில் மேலே மிதக்கும் கசடு எது, அடியில் பளபளக்கும் உலோகம் எது என்று பிரித்தறியத் தெரிந்த நாளில்தான் மாணவர் வெல்டராகத் தொடங்குகிறார் எனலாம். வழக்கமான 3.15 மில்லிமீட்டர் ராடு ஒன்று எரிந்து தீர ஏறத்தாழ ஒரு நிமிடமே ஆகும். அதன்பின் சிப்பிங் சுத்தியலால் கசட்டைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, படிந்த கோட்டைப் பார்த்தால் கை எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது என்பது முழுவதும் அதில் எழுதியிருக்கும்.

ராடின் மேற்பூச்சு வெறும் உறையன்று. அது எரியும்போது வெளிவரும் வாயு, உருகிய உலோகத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் தீண்டாமல் காக்கிறது, உருகிக் கசடாகி மேலே படர்ந்து உலோகம் மெல்ல ஆற உதவுகிறது, வில்லையும் நிலைநிறுத்துகிறது. பூச்சின் வகையை ராடின் மேல் அச்சிட்ட எண்ணே சொல்லும். கேட், கிரில் வேலைகளில் மிகுதியாகப் பயன்படும் 6013 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் இணைப்பின் இழுவலிமையையும், மூன்றாம் இலக்கம் எல்லா நிலைகளிலும் பயன்படுத்தலாம் என்பதையும், கடைசி இலக்கம் பூச்சின் தன்மையையும் மின்னோட்ட வகையையும் குறிக்கின்றன. பாலங்கள், கொதிகலன்கள் போன்ற பெருஞ்சுமை தாங்கும் வேலைகளுக்கு 7018 என்ற வகை வேண்டும். அதன் பூச்சில் ஈரம் ஏறினால் அந்த ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, பற்றவைத்துப் பல மணி நேரமோ சில நாள்களோ கழிந்த பின் விரிசலை உண்டாக்கும். வேலை முடிந்தபோது பார்வைக்கு எந்தக் குறையும் இருந்திருக்காது. ஆகவேதான் பெரிய தொழிற்கூடங்களில் இந்த ராடுகளை அடுப்பில் சூடேற்றி, வேலையிடத்திலும் சூடான பெட்டியிலிருந்தே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த ராடுப் பெட்டியைக் கொண்டு பழகிய மாணவருக்கு இந்த ஒழுங்கு பின்னாளில் எளிதில் வருவதில்லை என்பதால், பயிற்சிக் காலத்திலேயே அதைப் பழக்குவது நல்லது.

தகடு மேசைமேல் கிடக்கும்போது பற்றவைப்பது எளிது. அதே தகடு செங்குத்தாக நின்றாலோ தலைக்கு மேல் இருந்தாலோ உருகிய உலோகம் கீழே விழப் பார்க்கும். இந்த நிலைகளை 1ஜி முதல் எண்ணிட்டு வகுத்திருக்கிறார்கள்: கிடைநிலை 1ஜி, செங்குத்துத் தகட்டில் பக்கவாட்டாக ஓடும் இணைப்பு 2ஜி, கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ ஓடுவது 3ஜி, தலைக்கு மேல் செய்வது 4ஜி. குழாய்களுக்குரிய 6ஜி என்பதில் குழாயை 45 டிகிரிச் சாய்வில் அசையாமல் நிறுத்தி, அதைத் திருப்பாமல் வெல்டரே சுற்றிச் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். முன்சொன்ன எல்லா நிலைகளும் அந்த ஒரே வட்டத்தில் வந்துவிடுகின்றன. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் ஆளெடுக்கும்போது நடக்கும் டிரேட் டெஸ்டில் '6ஜி தெரியுமா' என்பதே முதல் கேள்வியாக இருப்பது இதனால்தான்.

இணைப்பைச் சோதிக்கும் முறைகளும் பாடத்தில் அடங்கியவை. ஓரத்தில் அரித்த குழிவு, மேலே தெரியும் நுண்துளைகள், தெறித்து ஒட்டிய துளிகள் ஆகியவற்றைக் கண்ணே காட்டிவிடும். உள்ளே சிக்கிய கசடும், உருகி இணையாமல் விட்ட அடிப்பகுதியும் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றைக் காண எக்ஸ்ரேயோ மீயொலியோ வேண்டும், அல்லது இணைப்பின் குறுக்கே பட்டைகளாக அறுத்து வளைத்துப் பார்க்க வேண்டும். பட்டையை இரு கால்களும் இணையாக வரும்படி முழுவதும் வளைத்த பின், வெளிப்புறத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்தால் அந்த வெல்டர் தேறவில்லை என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் புகழ்பெற்ற விதித்தொகுப்பு சொல்கிறது. மேலே அழகாக மீன்செதிள் போல் படிந்த கோடு, வளைத்தவுடன் அடியிலிருந்து பிளந்து போவதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்த மாணவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பதற்கு 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்தது விடை தருகிறது. கட்டி முடித்து, கடல் வெள்ளோட்டமும் பார்த்து, அசைவற்ற நீரில் துறையில் கட்டப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அந்தக் குளிர்ந்த இரவில் பெருஞ்சத்தத்தோடு நடுவில் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகும் குறையுள்ள பற்றவைப்பும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ரிவெட் என்னும் தறையாணியால் பிணைத்த பழைய கப்பல்களில் ஒரு தகட்டில் விழுந்த விரிசல் பெரும்பாலும் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலோ முழுவதும் ஒரே உலோகமாகிவிடுவதால் ஓரிடத்தில் தொடங்கிய விரிசல் தடையின்றி ஓடுகிறது. பற்றவைப்பின் பலமும் ஆபத்தும் இந்த ஒருமையில்தான் இருக்கின்றன. அதே போர்க்காலத்தில் அந்நாட்டுக் கப்பல்தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்று வெல்டர்களாக வேலை பார்த்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏனெனில் உடல் வலிமையைவிடக் கை நிதானமும் கண் கூர்மையும் தேவைப்படும் இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுப் பெண்கள் இன்னும் மிகக் குறைவாகவே இருப்பதற்குத் தொழிலின் இயல்பு காரணமன்று, பழக்கமே காரணம்.

உடல்நலம் பற்றிய பாடம் பல இடங்களில் சுவரில் ஒட்டிய அறிவிப்போடு முடிந்துவிடுகிறது. மின்வில்லிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுடுகிறது. வலி உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியது போன்ற உறுத்தலாக வருகிறது. முகமூடியில் பத்து முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட கறுப்புக் கண்ணாடி வேண்டும். தெருவோரப் பட்டறைகளில் சிலர் அணியும் சாதாரணக் குளிர்க்கண்ணாடி இதற்கு ஈடாகாது. புகை அதைவிடக் கொடியது, ஏனெனில் அதன் தீங்கு ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட முதல் வகையில் சேர்த்தது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை அன்று மாலையே குளிர் காய்ச்சலைத் தரும். துருப்பிடிக்காத எஃகின் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவம் இருக்கிறது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் ஒவ்வொரு பயிற்சி மேசையிலும் இருக்க வேண்டும் என்பது சலுகையன்று, மாணவரின் உரிமை.

காலத்துக்கேற்ப முறைகளும் பெருகியிருக்கின்றன. உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து வில்லை எழுப்பி, ஆர்கான் வாயுவின் காப்பில் மறு கையால் நிரப்புக் கம்பியை ஊட்டும் டிக் முறை, மெல்லிய குழாய்களுக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் உரியது. கம்பிச் சுருள் தானே ஓடிவரும் மிக் முறையை வாகனத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ரோபோக்களே செய்கின்றன. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டதால், இயந்திரக் கைகளை இயக்கும் பயிற்சியும் ஊர்ப்புற மாணவருக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. ரோபோ வந்துவிட்டதால் வெல்டர் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட முடியாது: ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்தில்தான் இயந்திரம் வெல்கிறது; கொதிகலனைப் பழுதுபார்க்கும் இடத்திலும், கட்டுமானத் தளத்தின் உயரத்திலும், கப்பலின் குறுகிய அறையிலும் மனிதக் கையே போகிறது.

சான்றிதழ் பெற்றவுடன் பயிற்சி முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்சாலைகளில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸாகப் பழகலாம். 1955இல் தொடங்கி, முழுவதும் பற்றவைத்த எஃகு ரயில் பெட்டிகளைக் கட்டிவரும் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை அப்படி வெல்டர்களை எடுக்கும் இடங்களில் ஒன்று. திருச்சி திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையும் அதைச் சுற்றித் துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் வளர்ந்த துணைத் தொழிற்கூடங்களும் அந்த ஊரையே வெல்டர்களின் ஊராக்கியிருக்கின்றன. அந்த நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் அங்கே இயங்கி, வெல்டர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் வெல்டிங் பொறியியலிலேயே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கொதிகலன் வேலைக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் மட்டும் போதாது, இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தனித்தேர்வில் தேற வேண்டும். முன்சொன்ன அமெரிக்க விதித்தொகுப்பின்படியோ, ஒருவர் தேறிய முறையில் ஆறு மாதம் வேலை செய்யாதிருந்தால் அவருடைய தகுதி காலாவதியாகிவிடும். பட்டத்தை வாழ்நாள் உடைமையாகக் கருதும் சமூகத்தில், திறமையைத் தொடர்ந்து மெய்ப்பிக்கச் சொல்லும் இந்த ஏற்பாடு மதிக்கத் தக்கது.

பயிற்சி நிலையங்களின் பெருங்குறை கட்டடத்திலோ பாடத்திட்டத்திலோ இல்லை, செலவாகும் பொருளில் இருக்கிறது. தகடும் ராடும் வாயுவும் எரித்துத் தீர்ப்பதற்கென்றே வாங்க வேண்டியவை. அவற்றில் கை வைத்துச் சிக்கனம் பிடிக்கும் நிலையத்தில் ஒருவர் பற்றவைக்கப் பலர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, 840 மணி நேரம் ஏட்டில் மட்டும் நிறைகிறது. அப்படி வெளிவரும் இளைஞரைத் தொழிற்கூடம் ஹெல்பராக்கிக் கிரைண்டிங் வேலையில் நிறுத்துகிறது. சான்றிதழ் இருந்தும் பயனில்லை என்ற ஏமாற்றம் அவரிடமிருந்து ஊருக்குப் பரவுகிறது. மறுபுறம், எந்தச் சான்றிதழும் இல்லாமல் பட்டறையில் பத்தாண்டு பழகிய வெல்டரின் கை பல நேரங்களில் இவரைவிட நன்றாகவே இருக்கும். அவருக்கு இல்லாதது உலோகம் ஏன் விரிகிறது என்ற அறிவும், நுரையீரலைக் காக்கும் பழக்கமும், தன் திறமையைக் காட்டும் ஏடும். அத்தகையோரின் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடுகள் இருக்கின்றன; அவை பட்டறைத் தெருக்கள் வரை இன்னும் பரவ வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் விண்ணப்பத்தோடு நேரே பணிமனைக்குள் சென்று பார்ப்பது நலம். எத்தனை மாணவருக்கு எத்தனை வெல்டிங் இயந்திரம், ஒவ்வொருவருக்கும் தனி முகமூடியும் தோல் கையுறையும் உண்டா, புகை போகும் வழி வேலை செய்கிறதா, டிக் முறையில் மாணவரே கை வைத்துப் பழகுகிறாரா, சென்ற ஆண்டு மாணவர்கள் வளைத்துச் சோதித்த பட்டைகளைக் காட்ட முடியுமா என்று கேட்க வேண்டும். பதில் தயங்காமல் வரும் நிலையம் பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம்.